செத்துப்போன விளையாட்டுக்கு 7 கோடி டிக்கெட்!

இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போகுது? நமக்குப் போன வாரம் பவர் சிஸ்டம்ஸ் பேப்பர். எப்படி எழுதினேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஆனா அதுக்காக விழுந்து விழுந்து படிச்ச ஒரு பாடம் பரீட்சை ஹால்ல கைவிட்டாலும் இந்த வாரக் கட்டுரையில கைகொடுத்திருக்கு. எப்படின்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

மேட்டர் ஆரம்பிச்சது ஹாஸ்டல்ல. பேப்பர் முடிஞ்ச ராத்திரி, என் ரூம்மேட் லேப்டாப்ல ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்தைப் போட்டான். 2014-ல் வந்த ஹாலிவுட் படம். மியூசிக் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். அந்த ஒரே காரணத்துக்காக ஒரு கட்டில்ல எட்டுப் பேர் நெருக்கியடிச்சு உட்கார்ந்தோம். உண்மைக் கதைதான். ஈட்டி எறிஞ்சிட்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல்னு ரெண்டு வட இந்தியப் பசங்க ஒரு டிவி போட்டி மூலமா அமெரிக்கா போய், 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்ங்கிற பேஸ்பால் அணியோட ஒப்பந்தம் போட்ட கதை.

படம் முடிஞ்சதும் எங்க ரூம் அறிஞர் ஒரு தீர்ப்பு சொன்னான். “பாவம் மச்சி, சாகக் கிடக்குற கேமுக்குப் போய் மாட்டியிருக்கானுங்க. அமெரிக்காவுலயே இப்ப பேஸ்பாலை யார்டா பார்க்குறா? கிழவனுங்கதான்!”

அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் டிரிபிள் ஈ. இதே குரல்லதான் என் பிராஞ்ச்சைப் பத்தியும் அவன் சொல்லுவான். அதனால எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. பேஸ்பால்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னுகூட உருப்படியாத் தெரியாத நான், அன்னிக்கு ராத்திரியே தேட உட்கார்ந்தேன்.

ரூம்மேட்டுக்கு 1 பாயின்ட்

முதல்ல நேர்மையா ஒப்புக்கிறேன். அவன் சொன்னதுல உண்மை இருக்கு.

‘பார்க்கப் பிடிச்ச விளையாட்டு எது?’ என்று அமெரிக்க மக்களிடம் கேலப் நிறுவனம் பல காலமாகக் கேட்டு வருகிறது. 1948-ல் 39 சதவிகிதம் பேர் ‘பேஸ்பால்’ என்றார்கள். அப்போது அதுதான் நம்பர் ஒன். 1972-ல் அமெரிக்கன் ஃபுட்பால் அதை முந்தியது. முந்தினது முந்தினதுதான், இன்றுவரை இறங்கவில்லை. 2023 டிசம்பரில் கேட்டபோது ஃபுட்பாலுக்கு 41 சதவிகிதம், பேஸ்பாலுக்கு வெறும் 10, பேஸ்கட்பாலுக்கு 9.

டிவி கணக்கு இன்னும் மோசம். பேஸ்பாலின் இறுதித் தொடருக்குப் பெயர் வேர்ல்டு சீரிஸ். 1978-ல் அதைச் சராசரியாக நாலரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். 2023-ல் 90 லட்சத்துச் சொச்சம்தான். அதே சமயம் ஃபுட்பால் ஃபைனலான சூப்பர் பவுலை 2024-ல் 12 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் ‘கிழவனுங்க’ டயலாக்கும் சும்மா இல்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வின்படி டிவியில் பேஸ்பால் பார்ப்பவர்களின் நடு வயது 57. ஃபுட்பாலுக்கு 50, பேஸ்கட்பாலுக்கு 42. நம்ம ஹெச்.ஓ.டி.கூட அந்தக் கூட்டத்தில் இளைஞர்!

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் ‘ஆமாண்டா, செத்துப்போச்சு’ என்று போர்வையை இழுத்துப் போத்தித் தூங்கியிருப்பேன். அடுத்த கணக்கு தூங்கவிடவில்லை.

அப்போ இந்த 7 கோடி யாரு?

2024 சீசனில் மேஜர் லீக் பேஸ்பாலில் விற்ற டிக்கெட் 7 கோடியே 13 லட்சம். மொத்த ஃபுட்பால் லீக்குக்கும் ஒரு சீசனில் ஸ்டேடியம் வருகிறவர்கள் 2 கோடிக்குக் கீழே. பேஸ்கட்பாலின் என்.பி.ஏ.வுக்கு 2 கோடியே சொச்சம். ரெண்டையும் கூட்டினாலும் பேஸ்பாலைத் தொட முடியவில்லை.

வருமானம்? 2024-ல் பேஸ்பால் லீக் சம்பாதித்தது சுமார் 1,210 கோடி டாலர். 1992-ல் அது வெறும் 120 கோடி. நாட்டின் ‘ஃபேவரைட்’ பட்டத்தை இழந்து இருபது வருஷம் ஆன பிறகு, பத்து மடங்கு ஏறியிருக்கிறது. ஃபுட்பாலின் என்.எஃப்.எல். 2,000 கோடி டாலரைத் தாண்டி உலகத்திலேயே பணக்கார லீக்காக நிற்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரெண்டாவது இடத்துக்கு என்.பி.ஏ.வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தச் ‘செத்துப்போன’ பேஸ்பால்தான்.

சம்பளத்தைக் கேட்டால் இன்னும் தலை சுத்தும். ஜப்பானைச் சேர்ந்த ஷோஹெய் ஒட்டானிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர். சரியாக ஒரு வருஷம் கழித்து ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் கொடுத்தது 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர். இந்த சோட்டோ பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க. மறுபடியும் வருவார்.

பேஸ் லோடு தெரியுமா பாஸ்?

இங்கேதான் என் பவர் சிஸ்டம்ஸ் உள்ளே வருது. ரெண்டு வகை மின் நிலையம் உண்டு. ஒன்று, சாயங்காலம் ஊரே சுவிட்ச் போடும் நேரத்தில் மட்டும் முழு வேகத்தில் ஓடுவது. இன்னொன்று, ராத்திரி பகல் பார்க்காமல், ஆர்ப்பாட்டம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பது. முதலாவது பீக் லோடு. இரண்டாவது பேஸ் லோடு.

ஃபுட்பால் பீக் லோடு. 32 அணி, ஆளுக்கு 17 மேட்ச், சீசனுக்கே மொத்தம் 272 மேட்ச். ஒவ்வொன்றும் திருவிழா. 2023-ல் அமெரிக்க டிவியில் அதிகம் பேர் பார்த்த 100 நிகழ்ச்சிகளில் 93, ஃபுட்பால் மேட்ச்!

பேஸ்பால் பேஸ் லோடு. 30 அணி, ஆளுக்கு 162 மேட்ச். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் உண்டு. கூட்டினால் 2,430 மேட்ச். ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊரில் 81 நாள். ஒரு மேட்ச்சுக்கு சராசரியாக 29 ஆயிரம் பேர் வந்தால் போதும், வருஷக் கடைசியில் 7 கோடி ஆகிவிடும். 81 ராத்திரி டிக்கெட், 81 ராத்திரி பார்க்கிங், 81 ராத்திரி ஹாட் டாக். பரபரப்பு கம்மி, கல்லா மட்டும் தினமும் நிறையும்.

ஆக, ‘உனக்கு எது ஃபேவரைட்?’ என்று கேட்பது ஒரு மீட்டர். ‘இந்த வருஷம் எத்தனை தடவை போனே?’ என்று கேட்பது வேற மீட்டர். வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டு யூனிட் கணக்குச் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் ரூம்மேட்டை எழுப்பி மூஞ்சிக்கு நேரா லேப்டாப்பைக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தில் அவன் கேட்டது ஒரே கேள்விதான். “சரிடா, டிவி காசு யார் கொடுக்குறா?”

பல்பு வாங்கியது நான்தான்.

பார்க்காதவன் கொடுத்த காசு

ஃபுட்பாலில் லீக்கே எல்லா டிவி உரிமையையும் மொத்தமாக விற்று, 32 அணிக்கும் சமமாகப் பிரிக்கிறது. நம்ம ஐ.பி.எல். உரிமையை 2022-ல் மொத்தமாக ஏலம் விட்டு 48,390 கோடி ரூபாய் வாங்கினார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதனால்தான் ஒரு லட்சம் பேர் சொச்சம் வாழும் கிரீன் பே என்ற ஊரின் அணிக்கும் நியூயார்க் அணிக்கும் ஒரே பங்கு. கிரீன் பே பேக்கர்ஸ் மக்களே ஷேர் வைத்திருக்கும் அணி என்பதால் கணக்கை வெளியிடுவார்கள். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் லீக்கிலிருந்து மட்டும் வந்தது 40 கோடி டாலர். ஒரு டிக்கெட்கூட விற்காமல்!

பேஸ்பாலில் கதை வேற. பெரும்பாலான மேட்ச்சுகளின் உரிமையை அந்தந்த அணி அந்தந்த ஊர் கேபிள் சேனலுக்குத் தனித்தனியாக விற்றது. டாட்ஜர்ஸ் 2013-ல் 25 வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 835 கோடி டாலர். சின்ன ஊர் அணிகளுக்கு அதில் ஒரு துண்டுதான் கிடைக்கும்.

சரி, அந்தச் சேனலுக்கு அவ்வளவு காசு எங்கிருந்து? கேபிள் பேக்கேஜிலிருந்து. ஸ்போர்ட்ஸ் சேனல் வேண்டாம் என்று தனியாகக் கழட்ட முடியாது. சமையல் நிகழ்ச்சி மட்டுமே பார்க்கும் பாட்டியும் மாசாமாசம் பேஸ்பாலுக்கு மொய் எழுதினார், அவருக்கே தெரியாமல்!

ஓ.டி.டி. வந்தது. பாட்டி கேபிளைக் கழட்டினார். மொய் நின்றது. 14 பேஸ்பால் அணிகளின் உரிமையை வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குரூப், 800 கோடி டாலருக்கும் மேலான கடனோடு 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது.

இதில் சான் டியேகோ பேட்ரெஸ் அணியின் கதையைக் கேளுங்கள். மே மாதம் அவர்களுக்குத் தர வேண்டிய தவணையை டயமண்ட் தரவில்லை. உரிமை கைமாறி, லீக்கே ஒளிபரப்ப ஆரம்பித்தது. அந்த வருஷம் பேட்ரெஸ் விற்ற டிக்கெட் எவ்வளவு தெரியுமா? 32 லட்சத்து 71 ஆயிரம். அதுவரைக்குமான அந்த அணியின் சரித்திரத்திலேயே அதிகம். ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது. ஆனால் செப்டம்பரில் சம்பளம் உள்ளிட்ட செலவுகளைச் சமாளிக்க 5 கோடி டாலர் அளவுக்குக் கடன் வாங்கினார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. டிசம்பரில் தங்கள் நட்சத்திரத்தை யாங்கீஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நட்சத்திரம்தான் நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன ஹுவான் சோட்டோ.

கூட்டம் இருக்கு, காசு இல்லை. இது ரூம்மேட் சொன்னதற்கு நேர் எதிர் இல்லையா? விளையாட்டு சாகவில்லை. பார்க்காதவன் கொடுத்த காசை நம்பிக் கட்டிய மாடி ஆட்டம் கண்டது, அவ்வளவுதான்.

காலி ஸ்டேடியம், நிரம்பிய கல்லா

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

‘மணிபால்’ படம் பார்த்திருப்பீர்கள். பிராட் பிட் காசில்லாத அணியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு ஜெயிப்பாரே, அந்த ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ். 1968 முதல் ஓக்லாண்டில் ஆடி, நாலு தடவை சாம்பியன் ஆன அணி. பின்னால் அணி நிர்வாகம் நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பியது. 2023-ல் 162 மேட்ச்சில் 112 தோல்வி. ஸ்டேடியத்தில் சராசரியாகப் பத்தாயிரம் பேர்தான். ‘பாருங்க, இந்த ஊரில் யாருமே வருவதில்லை’ என்ற பேச்சு கிளம்பியது.

அந்த ஊர் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புறக்கணிப்புப் போராட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் நடத்தியது தலைகீழ்ப் புறக்கணிப்பு! 2023 ஜூன் 13, சாதாரண செவ்வாய்க்கிழமை. 27,759 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ‘அணியை வித்துட்டுப் போங்க’ என்று பச்சை டி-ஷர்ட்டில் எழுதிப் போட்டுக்கொண்டு கத்தினார்கள். நாங்க செத்துடலை, நீங்கதான் எங்களைத் துரத்துறீங்க என்று சொல்லத்தான் அத்தனை பேரும் வந்தார்கள்.

அப்புறம்? ஒன்றும் நடக்கவில்லை. ஏன்னா பேஸ்பாலில் ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதியை, 48 சதவிகிதத்தை, பொதுவில் போட்டுப் பிரித்துக்கொள்கிறது. சின்ன அணிகளைக் காப்பாற்ற வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே ஏற்பாட்டால், ஸ்டேடியம் காலியாக இருந்தாலும் முதலாளிக்கு ஒரு தொகை வந்துவிடும். புது ஸ்டேடியம் கட்ட நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர 2023 ஜூனில் சட்டமும் போட்டது. 2024 செப்டம்பர் 26-ல் ஓக்லாண்டில் கடைசி மேட்ச். வந்தவர்கள் 46,889 பேர். அணி ஜெயித்தது. மறுநாள் முதல் அந்த ஊருக்கு அணி இல்லை. லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் 2028-ல் தயாராகும் வரை என்று, 2025 சீசனை மேற்கு சாக்ரமென்டோவில் ஒரு சின்ன மைதானத்தில் தொடங்கினார்கள். பெயருக்கு முன்னால் ஊர் கிடையாது. வெறும் ‘அத்லெட்டிக்ஸ்’.

லீக்கின் கணக்குப் புத்தகத்தில் இது நஷ்டம் இல்லை. 2024 வருமானம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் அப்பா தோளில் உட்கார்ந்து மேட்ச் பார்த்த ஓக்லாண்ட் பசங்களுக்கு? ரசிகன் இல்லாமலேயே காசு வர ஆரம்பித்துவிட்டால், ரசிகன் கத்துவது யார் காதிலும் விழாது. பேஸ்பாலுக்கு ஜுரம் என்று ஒன்று இருந்தால், எனக்குத் தெரிந்து அது இதுதான்.

படத்தில் காட்டாத சம்பளம்

நம்ம ரிங்கு, தினேஷ் கதைக்கு வருவோம். ரெண்டு பேரும் மேஜர் லீக் மேட்ச் ஆடவே இல்லை. அவர்கள் வீசியதெல்லாம் மைனர் லீக்கில், அதாவது பெரிய அணிகளின் பயிற்சிக் களத்தில். அங்கே சம்பளம்? 2022 வரைக்கும் அடிமட்டத்தில் ஆடியவர்களுக்கு ஒரு வருஷத்துக்கே 4,800 டாலர். ஒட்டானிக்கு 70 கோடி கொடுக்கும் அதே தொழிலில்!

அந்தப் பசங்க 2022-ல் யூனியனில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள். 4,800 டாலர் 19,800 ஆனது. மேல் மட்டத்தில் 35,800. இதைக் கொடுத்ததால் எந்த அணியும் மூழ்கிவிடவில்லை.

சரியாகச் செய்த இன்னொரு வேலையையும் சொல்லணும். மேட்ச் ரொம்ப நீளம், மொக்கை என்று பசங்க புலம்பியதைக் காதில் வாங்கி, 2023-ல் பிட்ச் கிளாக் கொண்டுவந்தார்கள். ஆள் ஓடத் தயாராக நிற்காவிட்டால் 15 விநாடிக்குள் பந்தை வீசியாகணும். 3 மணி 4 நிமிஷம் ஓடிய மேட்ச் 2 மணி 40 நிமிஷமானது. அந்த ஒரே வருஷத்தில் டிக்கெட் விற்பனை சுமார் 10 சதவிகிதம் ஏறியது. ஒட்டானி புண்ணியத்தில் 2024 வேர்ல்டு சீரிஸை ஜப்பானில் மட்டும் சராசரியாக 1 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். ரசிகனைத் தேடிப் போனால் ரசிகன் வருகிறான், சிம்பிள்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அவர்களிடமே பாடம் இருக்கிறது. 1994 ஆகஸ்ட்டில் முதலாளிகளும் ஆட்டக்காரர்களும் பணத்துக்காக முட்டிக்கொண்டு, ஸ்ட்ரைக் 232 நாள் நீண்டது. வேர்ல்டு சீரிஸே ரத்து. அடுத்த வருஷம் ஒரு மேட்ச்சுக்கு வரும் கூட்டம் 31 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரமாக விழுந்தது. 2022-ல் 99 நாள் கதவடைப்புக்குப் பிறகு கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு ஆயுள் 2026 டிசம்பர் 1 வரைதான். சம்பளத்துக்கு உச்சவரம்பு என்ற பேச்சை எடுத்தாலே அங்கே இரண்டு தரப்பும் முறைத்துக்கொள்ளும்.

விடிகாலை 4 மணிக்கு ரூம்மேட்டிடம் சமாதானம் பேசினேன். “நீ பாதி ரைட், நான் பாதி ரைட்.”

“அதெப்படி மச்சி?”

“பேஸ்பாலுக்கு மவுசு குறைஞ்சது நிஜம். அதனால அது சாகலை. தினமும் வர்ற 29 ஆயிரம் பேர் சுமக்குறாங்க. அவங்களை மறந்தாத்தான் சாகும்.”

நீங்களும் அடுத்த தடவை யாராவது ஒரு விளையாட்டையோ, ஒரு வேலையையோ, ஒரு பிராஞ்ச்சையோ ‘அதுக்கெல்லாம் இப்ப மவுசு இல்லப்பா’ என்று சொன்னால் உடனே சோர்ந்துடாதீங்க. யார் வந்து உட்கார்றாங்க, யார் காசு கொடுக்குறாங்க, அது யார் கைக்குப் போகுதுன்னு திருப்பிக் கேளுங்க. பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, “இருந்தாலும் உன் டிரிபிள் ஈக்கு டிமாண்ட் இல்லைதான் மச்சி”ன்னான். நான் ஒண்ணும் பேசலை. எழுந்து போய் அவன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்... அதுக்குள்ள லேப் ரெக்கார்டை எழுதி முடிச்சா!